ஹைட்ரஜன் ஏறல, ஃபில்டர் அடைக்குது, எண்ணெய் கல்லாயிருது: ஹைட்ரஜனேஷன்ல எந்த அறிகுறிக்கு எங்க பாக்கணும்

பருத்தி விதை எண்ணெய், ஆமணக்கெண்ணெய் மாதிரி விதை எண்ணெய்ல நிக்கல் கேட்டலிஸ்ட் (ரியாக்ஷனை வேகப்படுத்துற வினையூக்கி) போட்டு ஹைட்ரஜன் ஏத்தி கெட்டியாக்குற சின்ன ரியாக்டர் வச்சிருக்கவங்களுக்கும், காலேஜ்ல இதையே ப்ராஜெக்ட்டா எடுத்துட்டு ரிசல்ட் வராம முழிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும் தான் இத எழுதுறேன். குறிப்பா நம்ம ராம்நாடு கடலோரம், தொண்டி தேவிபட்டினம் உச்சிப்புளி கீழக்கரை சாயல்குடினு இந்தப் பட்டையில ஷெட் போட்டு ஓட்டுறவங்களுக்கு. ஏன்னா புத்தகத்துல இருக்க டெம்பரேச்சரையும் பிரஷரையும் அப்படியே வச்சாலும் இங்க வேற மாதிரி வரும், போர் தண்ணி உப்பு, காத்துல ஈரமும் உப்பும், கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, இந்த மூணும் நேரா ரியாக்டருக்குள்ள வந்து உக்காந்துக்கும்.

சரியா ஓடலன்னா எல்லாரும் முதல்ல கை வைக்கிறது டெம்பரேச்சர்ல தான். 160ல ஓடல, 180 போடு, அதுலயும் ஓடல, 200 போடு. அது வேணாங்க. எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, நிக்கல் மேற்பரப்பு அழுக்காகி செத்துருச்சா, இல்ல மேற்பரப்பு நல்லா இருந்தும் அங்க ஹைட்ரஜன் வந்து சேரலையா. பந்தி மாதிரி நினைச்சுக்கங்க, இலையே இல்லாதது ஒரு பிரச்சினை, இலை போட்டு ஆள் உக்காந்த பிறகும் சோத்து வாளி வராதது வேற பிரச்சினை, ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கணக்கு கொஞ்சம்

இது கையில இருந்தா தான் எது கோளாறு எது இயல்புனு தெரியும். அயோடின் வேல்யூனா எண்ணெய்ல இன்னும் ஹைட்ரஜன் ஏறாம எவ்வளவு இரட்டைப் பிணைப்பு மிச்சம் இருக்குனு காட்டுற எண், ஹைட்ரஜன் ஏற ஏற இது இறங்கும். ஒரு டன் எண்ணெய்ல இது ஒண்ணு குறைய ஏறக்குறைய 0.88 கன மீட்டர் ஹைட்ரஜன் வேணும் (நார்மல் கண்டிஷன்ல). அப்ப 100 கிலோ பருத்தி விதை எண்ணெய 108ல இருந்து 70க்கு கொண்டு வரணும்னா 38 பாயின்ட், 3.3 கன மீட்டர் சொச்சம். சிலிண்டர் பிரஷர் எவ்வளவு இறங்குச்சுனு பாத்தாலே ரியாக்ஷன் எங்க இருக்குனு ஓரளவு தெரிஞ்சுரும், இந்தக் கணக்குக்கு ரொம்ப மேல காஸ் போயிருந்தா லீக்கு இருக்கானு பாருங்க.

சூடு: அயோடின் வேல்யூ ஒரு பாயின்ட் இறங்குனா எண்ணெய் தானா ஒன்றரையில இருந்து ரெண்டு டிகிரி வரைக்கும் ஏறும். மேல சொன்ன 38 பாயின்டுக்கு கூலிங் இல்லன்னா 60 டிகிரிக்கு மேல ஏறிடும்.

கேட்டலிஸ்ட்: ரெசிபில 0.05 சதவீதம் நிக்கல்னு இருந்தா அது நிக்கல் உலோகத்தோட எடை. நமக்கு வர்றது கெட்டிக் கொழுப்புக்குள்ள பொதிஞ்ச வில்லை, அதுல நிக்கல் 20, 22, 25 சதவீதம்னு இருக்கும். 100 கிலோ எண்ணெய்க்கு 50 கிராம் நிக்கல் வேணும்னா 22 சதவீத சரக்குல 227 கிராம் போடணும். 50 கிராம் வில்லைய போட்டுட்டு ஓடலையேன்னு உக்காந்திருக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுங்க நெறைய இருக்கு, அதனால இத முதல்லயே பாத்துருங்க.

காஸ் விட்டாச்சு, சூடும் இருக்கு, ஆனா ஆரம்பிக்கவே மாட்டேங்குது

பிரஷர் முள்ளு அசையாம நிக்குது, கால் மணி அரை மணி கழிச்சு மெதுவா இறங்க ஆரம்பிக்குது. இதுல முதல் சந்தேகம் ஈரம். கேட்டலிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி எண்ணெய 90, 100 டிகிரில வேக்குவம் போட்டு நுரை அடங்குற வரைக்கும் காய வையுங்க, ஈரம் 0.05 சதவீதத்துக்குக் கீழ வரணும். வாடைக்காத்து அடிக்கிற மாசங்கள்ல ப்ளீச்சிங் எர்த் (எண்ணெயோட நிறத்தையும் அழுக்கையும் உறிஞ்சுற களிமண்) மூட்டைய வாய் தொறந்து வச்சா அதுவே ஈரத்தை குடிச்சுட்டு வேலை செய்யாது. கேட்டலிஸ்ட் பையும் அப்படித்தான், எடுத்த உடனே கட்டி டப்பாக்குள்ள போட்டுருங்க.

ரெண்டாவது, பலர் கவனிக்காத ஒண்ணு, நைட்ரஜன். பர்ஜ் பண்ணும்போது நைட்ரஜன் விட்டு காத்தை வெளியேத்துறோம், கட்டாயம் செய்யணும், ஹைட்ரஜன் காத்துல 4ல இருந்து 75 சதவீதம் வரைக்கும் எந்த அளவுல இருந்தாலும் பத்திக்கும், விளையாட்டு இல்ல. ஆனா அந்த நைட்ரஜனை உள்ள விட்டுட்டே மேல ஹைட்ரஜனை ஏத்துனா என்ன ஆகும்? உள்ள ஒரு பார் நைட்ரஜன், மொத்தம் முழு அழுத்தம் 3 பார்னா மூணுல ஒரு பங்கு வெறும் நைட்ரஜன். ஹைட்ரஜன் செலவாகச் செலவாக நீங்க மேல மேல விடுவீங்க, நைட்ரஜன் மட்டும் அங்கேயே இருக்கும், உள்ள மொத்தம் 3 இருந்தாலும் எண்ணெய்க்கு கிடைக்கிற ஹைட்ரஜன் 2 தான். அதனால நைட்ரஜன் பர்ஜ் முடிஞ்சதும் வேக்குவம் இழுத்துட்டு ஹைட்ரஜன் விடுங்க, வேக்குவம் இல்லன்னா ஹைட்ரஜனை ஏத்தி இறக்கி ரெண்டு மூணு தடவ மாத்துங்க, இறக்குற காஸ் கூரைக்கு மேல ஒசரத்துல வெளிய போற குழாய் வழியா போகணும், ஷெட்டுக்குள்ள விடவே கூடாது.

நல்லா ஆரம்பிச்சு பாதில படுத்துருது

அயோடின் வேல்யூ 80, 85 வரைக்கும் ஜோரா இறங்கிட்டு அப்புறம் நகரல. இதுக்கு பெரும்பாலும் காரணம் விஷம், அதாவது நிக்கல் மேல ஒட்டிக்கிட்டு இடத்தைப் புடிக்கிற பொருள். கந்தகம் தான் ராஜா. எண்ணெய்ல 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கந்தகம் இருந்தா சுமார் 0.004 சதவீதம் நிக்கலை கொன்னுரும்னு ஒரு கணக்கு உண்டு, நீங்க போடுறதே 0.05 தான், அப்ப 5 பிபிஎம் கந்தகம்னா அஞ்சுல ரெண்டு பங்கு கேட்டலிஸ்ட் போச்சு. செத்த நிக்கல் திரும்ப வராது. நம்ம ஊர்ல வேப்பங்கொட்டை கிடைக்குதேன்னு வேப்பெண்ணெய்ல முயற்சி பண்றவங்க இதுல தான் மாட்டுவாங்க, அந்த நாத்தத்துலயே கந்தகம் இருக்கு, கந்தகத்தை எடுக்காம டெம்பரேச்சரையும் கேட்டலிஸ்ட்டையும் கூட்டி பிரயோஜனம் இல்ல. கடுகு எண்ணெய்லயும் கந்தகம் வரும்.

அடுத்தது பாஸ்பரஸ், அதாவது எண்ணெய்ல இருக்க கம் (பசை மாதிரி பொருள், இத எடுக்குறது தான் டீகம்). இங்க தான் நம்ம தண்ணி பிரச்சினை வருது, இத கொஞ்சம் விரிவா சொல்லணும். கமுதி முதுகுளத்தூர் பக்கத்து பருத்தி விதைய ஆட்டி எடுத்த எண்ணெய டீகம் பண்ணும்போதும் காஸ்டிக் போட்டு சுத்திகரிச்ச பிறகு கழுவும்போதும் நாம போர் தண்ணிய தான் புடிச்சு ஊத்துறோம். அதுல கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். கம்மோட இதுங்க சேந்தா தண்ணில கரையாத கம்மா மாறி எண்ணெய்லயே தங்கிரும். காஸ்டிக்கால வந்த சோடியம் சோப்பு தண்ணில போயிரும், ஆனா கால்சியம் சோப்பு தண்ணிக்கு போகாது, எண்ணெயோடயே வரும், எத்தன தடவ கழுவுனாலும் அதே தண்ணியில கழுவுனா கூட்டத்தான் செய்யும், குறையாது. அந்த சோப்பு கேட்டலிஸ்ட்டோட துளைகளை அடைச்சு மூடிரும். போதாததுக்கு தண்ணில இருக்க உப்பு, அந்த குளோரைடு கொஞ்சம் எண்ணெய்ல தங்குனாலும் நிக்கலுக்கு ஆகாது. அதனால கழுவுறதுக்கு மட்டுமாவது ஆர்ஓ தண்ணியோ மென்மையாக்குன தண்ணியோ வையுங்க, 85, 90 டிகிரி சூட்டுல, எண்ணெய் எடைல பத்துல ஒரு பங்கு தண்ணி, ரெண்டு கழுவல். அப்புறம் ப்ளீச்சிங், கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் சேத்து பண்ணுனா மிச்ச சோப்பும் பாஸ்பரஸும் இறங்கும். ரியாக்டருக்கு போற எண்ணெய்ல ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் (எண்ணெய்ல இருந்து பிரிஞ்சு தனியா நிக்கிற கொழுப்பு ஆசிட்) 0.1 சதவீதத்துக்குக் கீழ, பாஸ்பரஸ் ஒண்ணு ரெண்டு பிபிஎம்முக்குள்ள, சோப்பு முடிஞ்ச வரைக்கும் பூஜ்யம். தண்ணிக்கு செலவு பண்ண யோசிக்கிறவங்க கேட்டலிஸ்ட் விலைய பக்கத்துல வச்சு பாருங்க.

நாள்பட்ட எண்ணெயும் படுத்தும், வெயில்ல தகர டின்ல கெடந்து சிக்கு வாடை அடிச்சா அந்த ஆக்சிடைஸ் ஆன பொருளுங்களும் மேற்பரப்பை புடிக்கும்.

எண்ணெய் சுத்தம், இருந்தும் பாதில நிக்குதுன்னா காஸ பாருங்க. கார்பன் மோனாக்சைடு கலந்த ஹைட்ரஜன்னா ரியாக்ஷன் மந்தமாகும், இது குறைஞ்ச டெம்பரேச்சர்ல அதிகமா தெரியும், சுத்தமான காஸ் மாத்துனா கேட்டலிஸ்ட் திரும்ப எழுந்துக்கும், கந்தகத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் அது தான். தண்ணிய மின்சாரத்தால பிரிச்சு எடுக்குற ஹைட்ரஜன்னா கார்பன் மோனாக்சைடு பயம் இல்ல, ஆனா செல்லுல இருந்து காஸ்டிக் துளி அடிச்சுட்டு வந்து எண்ணெய்ல சோப்பாகும், நடுவுல ஒரு ட்ராப் வச்சு புடிங்க.

முதல்ல இருந்தே மந்தம், ஒரே சீரா மந்தம்

பாதில படுக்கல, ஆனா ரெண்டு மணி நேரத்துல முடிய வேண்டியது ஆறு மணி நேரம் இழுக்குது. இதுக்கு ரெண்டு சோதனை போதும். ஒரே எண்ணெய், ஒரே டெம்பரேச்சர், ஸ்டிரர் ஆர்பிஎம் மட்டும் கூட்டி ஓட்டுங்க. வேகம் நல்லா கூடுச்சுன்னா ஹைட்ரஜன் எண்ணெய்க்குள்ள கரையுறது தான் தடை. இல்லன்னா கேட்டலிஸ்ட்டை ரெட்டிப்பாக்கி ஓட்டுங்க, வேகம் ரெட்டிப்புக்கு பக்கத்துல வந்தா தடை கேட்டலிஸ்ட் பக்கம். டெம்பரேச்சரை 20 டிகிரி கூட்டியும் வேகம் பெருசா மாறலன்னா அதுவும் காஸ் கரையாததோட அடையாளம் தான்.

காஸ் கரையலன்னா ஸ்டிரர்ல மேல இருக்க இம்பெல்லரை (சுத்துற இறக்கைய) பாருங்க. காஸ வெளிய விடாம மூடி ஓட்டுற ரியாக்டர்ல எண்ணெய் மட்டத்துக்கு சற்றுக் கீழ ஒரு இம்பெல்லர் இருந்து மேல நிக்கிற ஹைட்ரஜனை திரும்ப உள்ள இழுக்கணும். எண்ணெய் அளவு கூடக் குறைய போட்டா அந்த இம்பெல்லர் ஒண்ணு வெளிய சுத்தும், இல்ல ரொம்ப ஆழத்துல சுத்தும், ரெண்டுலயும் காஸ் இழுக்காது. பேஃபிள் (பாத்திரச் சுவர்ல நிக்கிற தடுப்புத் தகடு) இல்லன்னா எண்ணெய் மொத்தமா சுழலும், கலக்காது. இத சரி பண்ணாம டெம்பரேச்சர் ஆப்டிமைஸ் பண்ணி கிராஃப் போட்டா அந்த கிராஃப் உங்க ஸ்டிரரை பத்தி தான் பேசும், எண்ணெய பத்தி பேசாது.

டெம்பரேச்சர் பிச்சுக்கிட்டு போகுது

120, 140 டிகிரில ஹைட்ரஜன் விட ஆரம்பிச்சு, மிச்ச சூட்டை ரியாக்ஷனே ஏத்திக்கட்டும்னு விடணும், ஹீட்டரை 180 வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் காஸ் விட்டா கட்டாயம் தாண்டும். தாண்டுச்சுன்னா முதல்ல ஹைட்ரஜன் வால்வை மூடுங்க, ஸ்டிரரையும் கூலிங்கையும் நிறுத்தாதீங்க.

கரண்ட் கட்டாகும்போது தான் நெசமான ஆபத்து. ஸ்டிரர் நின்னா ரியாக்ஷனும் கிட்டத்தட்ட நின்னுரும், கேட்டலிஸ்ட் அடியில தங்கிரும், மேல பிரஷர் அப்படியே இருக்கும். கரண்ட் வந்ததும் அதே பிரஷர்ல ஸ்டிரரை தட்டி விட்டா மொத்த ஹைட்ரஜனும் ஒரே நேரத்துல கரைஞ்சு சூடு சட்டுனு எகிறும். கரண்ட் போன உடனே காஸ் வால்வை மூடி பிரஷரை வெளிய இறக்கிருங்க. திரும்ப ஆரம்பிக்கும்போது ஸ்டிரர் முதல்ல, கூலிங் ஓடுதானு பாத்துட்டு ஹைட்ரஜன் கடைசில, மெதுவா. ஜெனரேட்டர்ல ஸ்டிரரும் கூலிங் பம்ப்பும் இருந்தே ஆகணும், ஷெட்டு லைட்டு ஃபேன் எல்லாம் அதுக்கப்புறம்.

கூலிங் தண்ணில குமிழி வருது, இல்ல எண்ணெய்ல ஆசிட் கூடிக்கிட்டே போகுது

இது நம்ம கடற்கரைக்கே உள்ள கோளாறு. துருப்பிடிக்காத எஃகுனு நம்பி 304, 316 ரக கூலிங் காயில்ல (ரியாக்டருக்குள்ள இருக்க குழாய்ச் சுருள்ல) உப்புத் தண்ணிய விடுறோம், 60 டிகிரிக்கு மேல சூடான எஃகுல குளோரைடு பட்டா வெல்டிங் ஓரத்துல மயிரிழை மாதிரி விரிசல் விடும், வெளிய துரு எதுவும் தெரியாது. ரியாக்டர் பிரஷர் காயில் பிரஷரை விட கூட இருக்கும்போது ஹைட்ரஜன் கூலிங் தண்ணி வழியா தொட்டிக்கு வரும், தொட்டி ஷெட்டுக்குள்ள இருந்தா ரொம்ப ஆபத்து. பிரஷர் இறக்குன பிறகு தண்ணி எதிர்ப்பக்கமா எண்ணெய்க்குள்ள வரும், எண்ணெய் பிரிஞ்சு ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் ஏறும், அந்த ஆசிட் நிக்கலை தின்னு நிக்கல் சோப்பாகும். குமிழி பாத்தா அந்த பேட்சை அதோட நிறுத்துங்க, பக்கத்துல எந்த சுவிட்சையும் போடாதீங்க, ரியாக்டர் பிரஷரை இறக்கி, நைட்ரஜன் போட்டு காயிலை பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. நிரந்தரத் தீர்வு, நல்ல தண்ணியவே திரும்பத் திரும்ப சுத்த விட்டு, அந்தத் தண்ணிய வெளிய தனியா ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல குளிர வைக்கிறது.

அயோடின் வேல்யூ சரியா இருக்கு, ஆனா எதிர்பாத்தத விட கெட்டியா இருக்கு

70னு நின்னுருச்சு, ஆனா உருகுற டெம்பரேச்சர் நாலஞ்சு டிகிரி கூட. இது ரெண்டு விதமா வரும். முதல் விதம், இரட்டைப் பிணைப்பு ரெண்டு இருக்க லினோலிக் எல்லாம் தீர்றதுக்கு முன்னாடியே, ஒண்ணே ஒண்ணு இருக்க ஓலிக் நெறஞ்சு இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் ஆகுறது, அதாவது தேர்வுத்திறன் கம்மி. இன்னொண்ணு, இரட்டைப் பிணைப்பு அப்படியே இருந்து வடிவம் மட்டும் மாறி ட்ரான்ஸ் ஆகுறது, ட்ரான்ஸ் கொழுப்பு உருக அதிக சூடு வேணும், அயோடின் வேல்யூ மட்டும் மாறாது.

இப்ப அந்த பழைய கேள்விக்கு வாங்க. நிக்கல் மேல பிணைப்பு ஒட்டி ஒரு ஹைட்ரஜன் சேந்து நிக்கும், ரெண்டாவது ஹைட்ரஜன் பக்கத்துல தயாரா இருந்தா முடிஞ்சு கெளம்பிரும், இல்லன்னா சேந்த ஹைட்ரஜனையும் விட்டுட்டு திரும்பி போகும், அப்படி போகும்போது தான் ட்ரான்ஸா முறுக்கிக்கிட்டு போறது. அதனால ஹைட்ரஜன் மேற்பரப்புல பத்தாம இருந்தா ட்ரான்ஸ் கூடும், ஆனா தேர்வுத்திறன் நல்லா இருக்கும். ஹைட்ரஜன் தாராளமா இருந்தா ட்ரான்ஸ் குறையும், தேர்வுத்திறனும் குறையும், ஸ்டியரிக் கூடும். டெம்பரேச்சரைக் கூட்டுனா ரியாக்ஷன் ஹைட்ரஜனை வேகமா தின்னும், அப்ப மேற்பரப்புல பத்தாது. பிரஷரையும் கலக்குறதையும் கூட்டுனா தாராளம். கேட்டலிஸ்ட்டை கூட்டுனா கொஞ்சம் பத்தாம போகும். ரெண்டு நல்லதும் ஒண்ணா கிடைக்காது, எதுக்கு பண்றோம்னு முடிவு பண்ணிட்டு தான் கண்டிஷனை தேடணும்.

சாப்பாட்டுக்குன்னா இந்த பாதி ஹைட்ரஜனேஷனே வேணாம்னு தான் நான் நினைக்கிறேன். 2022 ஜனவரி 1ல இருந்து நம்ம நாட்டுல எண்ணெய் கொழுப்புல ட்ரான்ஸ் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, நிக்கல்ல பாதில நிறுத்துற எந்த கண்டிஷன்லயும் அந்த அளவுக்குள்ள நிக்கிறது ரொம்ப கஷ்டம், மனுசங்க இதயத்துக்கு கெடுதல்னு தெரிஞ்ச பிறகும் அத சுத்தி வளைச்சு செய்யணுமா. சாப்பாட்டு வழி போறவங்க முழுசா, அயோடின் வேல்யூ ஒண்ணு ரெண்டுக்குள்ள கொண்டு போயிருங்க, முழுசா நெறஞ்சா ட்ரான்ஸுக்கு இடமே இல்ல, அப்புறம் திரவ எண்ணெயோட சேத்து இன்டரெஸ்டரிஃபிகேஷன் (ரெண்டோட கொழுப்பு ஆசிட்டுங்களையும் இடம் மாத்திக் கலக்குறது) பண்ணி பதத்தை வரவழைக்கலாம். சோப்பு, மெழுகுவத்தி, கிரீஸ் பக்கம் போறவங்களுக்கு இந்த கட்டு இல்ல.

ஆமணக்கு மெழுகு 85 டிகிரிய தொட மாட்டேங்குது

ஹைட்ரஜன் ஏத்துன ஆமணக்கு 85ல இருந்து 88 டிகிரில உருகணும், அயோடின் வேல்யூ 3க்குள்ள, ஹைட்ராக்சில் வேல்யூ (ஆமணக்குல இருக்க ஓஹெச் குழுக்களோட அளவு) 155க்கு மேல. அயோடின் சரியா இருந்தும் உருகுற டெம்பரேச்சர் இறங்குதுன்னா ஹைட்ராக்சில் கழண்டு போயிருக்கு, காரணம் சூடு. பருத்திக்கு போடுற 180ஐ ஆமணக்குக்கு போடாதீங்க, 130, 150க்குள்ள வச்சுக்கிட்டு வேகத்தை பிரஷர்ல வாங்குங்க. இங்க தேர்வுத்திறன் தேவையில்ல, அதனால பிரஷர் கூட்டுறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல, பாத்திரம் எவ்வளவு தாங்கும்ங்கிறது மட்டும் தான் கணக்கு.

ஃபில்டர் அடைக்குது, வர்ற எண்ணெய் பச்சையா இருக்கு

பச்சை நிறம்னா நிக்கல் சோப்பு, ஃபில்டர் துணி எவ்வளவு நெருக்கமா இருந்தாலும் கரைஞ்சது நிக்காது. ஆரம்ப எண்ணெய்ல ஆசிட் அதிகம், இல்ல ஈரம், இல்ல ஹைட்ரஜன் இல்லாம சூட்டுல ரொம்ப நேரம் நின்னுருக்கு. சிட்ரிக் ஆசிட் போட்டு ப்ளீச்சிங் எர்த்தோட இன்னொரு தடவ ஓட்டுனா இறங்கும். அடைப்புன்னா ஃபில்டர் சூடு பத்தல, முழுசா ஹைட்ரஜன் ஏறுன பருத்தி 60 டிகிரிக்கு மேலயே உறையும், 90கிட்ட வச்சு ஃபில்டர் எய்டு (துணி மேல படியுற வடிகட்டிப் பொடி) பூசி விடுங்க. ரொம்ப சூடா இருக்கும்போது ரியாக்டரையும் தொறக்கக் கூடாது, 100க்குக் கீழ இறக்கிட்டு தான் காத்து படணும். வேகமா கலக்கி கேட்டலிஸ்ட் பொடிஞ்சாலும் அடைக்கும்.

வடிகட்டி எடுத்த கேக் (ஃபில்டர்ல தங்குற கேட்டலிஸ்ட் கட்டி) காத்து பட்டா தானா சூடாகி பத்திக்கும், கச்சான் காத்துல வெளிய கொட்டி வச்சா சொல்லவே வேணாம். எண்ணெயோட ஈரமா மூடி போட்ட டிரம்ல வையுங்க, காஞ்ச பொடிய முகமூடி இல்லாம கையாள விடாதீங்க, நிக்கல் பொடி நுரையீரலுக்கு ரொம்ப கெட்டது, வேலை பாக்குறவங்க நம்ம ஊரு பிள்ளைங்க.

ரீடிங்கே நம்பிக்கையா இல்ல

ரிஃப்ராக்டோமீட்டர்ல (ஒளி விலகலை வச்சு அயோடின் வேல்யூ கணிக்கிற கருவி) பாக்குறதுன்னா 60 டிகிரில, ஃபில்டர் பண்ண சாம்பிள் தான். விஜ்ஸ் முறைனா (அயோடின் வேல்யூவை டைட்ரேஷன்ல எடுக்குறது) அரை மணி இருட்டுல வச்சே ஆகணும், பிளாங்க்கையும் (எண்ணெய் போடாத ஒப்பீட்டு ஓட்டம்) சாம்பிளையும் ஒரே நேரத்துல ஒரே பிப்பெட்ல எடுங்க, அசிட்டிக் ஆசிட் சூட்டுல நல்லா விரியும், காலைல எடுத்த பிளாங்க்கை மதியானம் சாம்பிளுக்கு போட்டா தப்பு வரும். உருகுற டெம்பரேச்சருக்கு கேப்பிலரிய ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு பாருங்க.

இதெல்லாம் அடங்குன பிறகு ஆப்டிமைசேஷன்

டெம்பரேச்சர், பிரஷர், கேட்டலிஸ்ட் அளவு, இந்த மூணையும் ஒவ்வொண்ணா மாத்தாதீங்க, ஒண்ணுக்கொண்ணு பின்னிக் கெடக்கு, 140 டிகிரில நல்லதுனு தெரிஞ்ச பிரஷர் 180ல அப்படியே இருக்காது. பாக்ஸ் பென்கன் டிசைன்ல (பல காரணிகளை ஒரே நேரத்துல மாத்திப் பாக்குற சோதனைத் திட்டம்) மூணு காரணிக்கு 15 ஓட்டம் போதும், அதுல மூணு நடுப்புள்ளி, அதாவது எல்லா காரணியும் நடு அளவுல இருக்க அதே ஓட்டம். அந்த மூணு நடுப்புள்ளியையும் முதல்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசில ஒண்ணுனு பிரிச்சு ஓட்டுங்க, எண்ணெய் மொத்தத்தையும் ஒரே தடவ சுத்திகரிச்சு நைட்ரஜன் மூடி வச்சுருங்க, ஆர்பிஎம்ம காஸ் தடை இல்லாத அளவுல நிலையா வையுங்க. மூணு நடுப்புள்ளியும் ஒண்ணோட ஒண்ணு ஒத்து வரலன்னா மிச்ச 12ஐ வச்சு மாடல் போடாதீங்க, மேல சொன்ன அறிகுறில எது இன்னும் ஒளிஞ்சிருக்குனு திரும்ப தேடுங்க.